விழுவதைப் பிடிக்காத கைகள்

அந்தக் கண்ணாடிக் கடையில் ஒரு விளையாட்டு உண்டு. விளையாட்டு என்று சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரும். அவர் அதைப் பயிற்சி என்பார்.

ஒருவர் குனிந்து நின்று கண்ணாடியில் அளவு குறித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் பூனை மாதிரி பக்கத்தில் வந்து, அவர் மூக்குக்கு நேராக எதையாவது நழுவ விடுவார். தொப்பி, டேப், துணிப்பந்து, பாதி கடித்த ஆப்பிள், எது கையில் கிடைக்கிறதோ அது. தன்னை மறந்து கை நீட்டிப் பிடித்துவிட்டால் பிடித்தவர் தொலைந்தார். அன்று முழுக்க எல்லோருடைய டீ கிளாஸையும் அவர்தான் கழுவ வேண்டும். பிடிக்காமல் ஓரடி பின்னால் நகர்ந்து, இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கி, "போகட்டும்!" என்று கடைக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டால் தப்பித்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. ஜன்னல் கண்ணாடி ஒன்று கை நழுவினால், போவது கண்ணாடி மட்டும்தான். அதைப் பிடிக்கப் போனால் கண்ணாடியும் போகும், கையும் போகும். கத்துவது பக்கத்தில் நிற்கிறவர்களும் விலகிக்கொள்ள. சுவரில் முழ நீள எழுத்தில் எழுதியே வைத்திருந்தார்கள்: விழுவதை விடு.

சொல்லத்தான் சுலபம். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் மாதம் கிளாஸ் கழுவிக் கழுவியே விரல் ஊறிப்போவார்கள். கல்லூரி வரை படித்தவரும் கழுவினார், கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவரும் கழுவினார். தலை 'பிடிக்காதே' என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் கை போய்ப் பிடித்துவிட்டுத் திரும்பி வந்து, நல்ல பிள்ளை மாதிரி நிற்கும்.

ஒரே ஒருவர் மட்டும் விதிவிலக்கு. ஐம்பத்தொரு வயது. இருபத்தெட்டு வருஷமாக அங்கே கண்ணாடி வெட்டுகிறார். அவர் கடைசியாக கிளாஸ் கழுவியது எப்போது என்று யாருக்கும் நினைவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து எதைப் போட்டாலும் ஓரடி பின்னால், கை மேலே, 'போகட்டும்'. அதனால் அவருக்குப் பெயரே கைதூக்கி என்று ஆகிவிட்டது. அம்மா அப்பா வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒருமுறை எதிர்க்கடை டீக்காரர் கால் தடுக்கி, தட்டோடு ஆறு டீயையும் விட்டார். கைதூக்கி பின்னால் நகர்ந்து கை தூக்கி, "போகட்டும்!" என்றார். டீக்காரர் வெந்த காலைத் தேய்த்துக்கொண்டே, "நீங்க உத்தரவு குடுக்காட்டியும் அது போகத்தாங்க போகுது" என்றார். இந்தக் கதையைக் கடையில் ஒரு வருஷம் சொல்லிச் சிரித்தார்கள்.

அவருக்கு ஒரே கூட்டாளி, மூணுவிரல். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சேர்ந்த இரண்டாவது மாதம் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மேசையிலிருந்து சரிந்தது. இவர் எட்ட நின்றார். அவர் கிட்ட நின்றார். கிட்ட நின்றவர் பிடித்தார். வலது கையில் இரண்டு விரல் அன்றோடு சரி. சுவரில் அந்த எழுத்து வந்ததும், இந்த விளையாட்டு வந்ததும் அதற்குப் பிறகுதான். விளையாட்டைக் கண்டுபிடித்தவரே மூணுவிரல்தான். மீதி இருந்த மூன்று விரலை வைத்துக்கொண்டு ஊரில் யாரையும் விடத் தந்திரமாக அடுத்தவர் மேல் பொருள் போடத் தெரிந்தவரும் அவர்தான்.

அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து சட்டம் போடுவதற்குப் படங்கள் வந்திருந்தன. அதில் ஒன்று, குரங்கு மனிதனான படம். இடது ஓரத்தில் நான்கு காலில் ஒன்று. அடுத்தது கொஞ்சம் நிமிர்ந்து, கை தரையை உரச. அதற்கடுத்தது இன்னும் நிமிர்ந்து, கையில் ஒரு கல். இப்படி வரிசையாக வந்து, வலது ஓரத்தில் நேராக நடக்கிற மனிதன். மூணுவிரல் படத்தை மேசையில் விரித்து எல்லோரையும் கூப்பிட்டார்.

"இந்த வரிசை முடியலடா. கடைசியில ஒரு ஆளை விட்டுட்டானுங்க."

"யாரை?"

"நம்ம ஆளைத்தான். ரெண்டு கையும் மேல, கால் பின்னாடி, வாயைத் திறந்து 'போகட்டும்!' அவன்தான் மிச்சம் எல்லாரையும் விட அறிவு முத்தினவன். மத்தவனெல்லாம் இன்னும் குரங்கு புத்தியில கிளாஸ் கழுவிக்கிட்டு இருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். கைதூக்கியும் சிரித்தார். சத்தியமாகச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அவர் வீடு மூன்றாவது மாடியில், இரண்டு அறை. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மருமகனுக்குக் கப்பலில் வேலை. ஒருமுறை போனால் ஆறு மாதம் கழித்துத்தான் கரை. அதனால் மகளும் ஒன்பது மாதப் பேத்தியும் அவரோடு இருந்தார்கள். பேத்தி கை கால் எல்லாம் மடிப்பு மடிப்பாக, கீழே விட்டால் உருண்டே அறையைத் தாண்டிவிடுவாள். அவர் வைத்த பெயர் உருண்டை.

மகளுக்குப் பார்சல் பிரிக்கிற அலுவலகத்தில் வேலை. பிரசவ விடுப்பு முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. எல்லாம் பேசி வைத்தாயிற்று: காலை எட்டு முதல் மதியம் இரண்டு வரை அவள் வேலைக்குப் போவாள். அதுவரை உருண்டை தாத்தாவிடம். மூன்று மணிக்கு மேல் இவர் கடைக்குப் போவார். முதலாளியும் தலையாட்டிவிட்டார். பால் கலக்கவும், ஏப்பம் விட வைக்கவும், எந்த அழுகை பசி, எந்த அழுகை சும்மா என்று பிரிக்கவும் அவர் மகளிடம் பாடம் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கீறுகிறபோது வருகிற 'கிர்ர்' ஒலியை வைத்தே எங்கே உடையும் என்று சொல்கிறவருக்கு, அழுகையைப் பிரிப்பது பெரிய வித்தையாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. குளிப்பாட்டி முடித்து உருண்டையைக் கட்டிலில் கிடத்தியிருந்தாள் மகள். இடுப்புயரக் கட்டில். "பார்த்துக்கோங்கப்பா, துண்டு எடுத்துட்டு வந்துடறேன்" என்று திரும்பினாள். அவர் கட்டிலை ஒட்டித்தான் நின்றார். கையில் குட்டிச் சட்டை. அதன் கழுத்துப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் பளபளப்போடு உருண்டை ஒரு புரள் புரண்டாள், இன்னொரு புரள், விளிம்பு.

அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கை நீட்டினால் தொடுகிற தூரம்.

ஓரடி பின்னால் நகர்ந்தார். இரண்டு கையும் தோளுக்கு மேலே போயின. வாய் தானாகத் திறந்தது.

"போகட்டும்!"

துண்டோடு மகள் வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள், கேட்டாள்.

தரையில் மடித்துப்போட்ட பாயின் மேல் பாதியும் தரையில் பாதியுமாகக் குழந்தை விழுந்தது. ஒரு நொடி சத்தமே இல்லை. அந்த ஒரு நொடியில் அவர் செய்தது இன்னொன்றும் உண்டு, அதை மட்டும் அவர் பிறகு யாரிடமும் சொல்லவில்லை: கண்ணாடி விழுந்தால் சில்லு தெறிக்குமே, அதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம்தான் வீறிட்ட அழுகை. மகள் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து அள்ளினாள். அவர் கை அப்போதும் மேலேயே இருந்தது. ஒரு கையில் குட்டிச் சட்டை, சரணடைகிற கொடி மாதிரி.

குழந்தைகள் மருத்துவர் பொறுமையான பெண். நெற்றி வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்தார், கை காலை மடக்கி நீட்டினார். பிறகு உருண்டையை வயிற்றில் பிடித்துத் தூக்கி, தலைகுப்புற மேசையை நோக்கிச் சட்டென்று இறக்கினார். மகள் அலறிவிட்டாள். ஆனால் மேசைக்கு ஒரு சாண் இருக்கும்போதே உருண்டையின் இரண்டு கையும் விரலை விரித்துக்கொண்டு முன்னால் நீண்டன. மேசையை உள்ளங்கையால் பிடித்து நிறுத்திவிட்ட மாதிரி.

"பயப்படாதீங்க. கை ரெண்டும் சமமா வருதான்னு பார்த்தேன். நல்லா வருது. நெத்தி வீக்கத்தைத் தவிர எங்கயும் அடி இல்ல" என்றார் மருத்துவர். "விழப்போறோம்னு தெரிஞ்சா கை முன்னாடி போகும். எட்டு ஒன்பது மாசத்துல தானா வரும். யாரும் சொல்லித் தர வேண்டாம்."

"இதுக்கு முன்னாடி வராதுங்களா?" என்று கேட்டார் கைதூக்கி. குழந்தை விழுந்ததற்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அப்ப வேற ஒண்ணு இருக்கும். பிறந்த குழந்தை விழற மாதிரி ஆனா, கையை விரிச்சு எதையாவது கட்டிப்பிடிக்கப் பார்க்கும். நாம மரத்துல இருந்த காலத்துல அம்மா உடம்பு பூரா முடி இருந்துச்சே, அதைப் பிடிச்சுத் தொங்கின பழக்கத்தோட மிச்சம்னு சொல்றாங்க. முடி போயி எவ்வளவோ லட்சம் வருஷமாச்சு. கை இன்னும் தேடுது." மருத்துவர் சிரித்துக்கொண்டே உருண்டையின் கன்னத்தைக் கிள்ளினார். "அது சில மாசத்துல மறைஞ்சிடும். ஆனா இப்ப பார்த்தீங்களே, இது மறையாது."

"எப்பவுமேவா?"

"ஆயுசு முழுக்க இருக்கும். உங்களுக்கும் இருக்கும். தடுக்கி விழுந்து பாருங்க, தெரியும்."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஒரு நாள் கவனமாப் பாருங்க. வாந்தி எடுத்தா, ரொம்ப மந்தமா இருந்தா உடனே தூக்கிட்டு வந்துடுங்க" என்று மருத்துவர் எழுதிக்கொண்டே, "எந்த வீட்டுலயும் விழாத குழந்தை கிடையாது. உங்கப்பாவைக் கோவிச்சுக்காதீங்க. சில நேரம் பிடிக்க முடியாமப் போயிடும்" என்றார்.

"பிடிக்க முடியலைன்னா பரவாயில்ல டாக்டர்" என்றாள் மகள். குரல் உயரவில்லை. "வழிவிட்டாரு."

வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரை அவள் உருண்டையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. ஒரே கையால் அடுப்பைப் பற்றவைத்தாள், துணி மடித்தாள், பல் தேய்க்கும் பிரஷ்ஷைக்கூட எடுத்து வைத்தாள். அவர் உதவிக்குக் கை நீட்டினால், குழந்தை இருக்கிற இடுப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வேண்டுமென்று திருப்பியதாகத் தெரியவில்லை. உடம்பே திரும்பியது. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

பிறகு அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"எனக்கு ஏழு வயசுல சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ரேஷன் கடை முக்குல விழுந்தேன். முட்டி கிழிஞ்சிடுச்சு. நிமிர்ந்து பார்த்தா நீங்க பக்கத்துல ரெண்டு கையையும் தூக்கிட்டு நின்னீங்க. என்னமோ கத்தினீங்க. அப்பா எனக்குக் கை தூக்கி உற்சாகம் குடுக்குறாருன்னு நெனச்சேன். அழுகை வந்துச்சு, அடக்கிக்கிட்டுச் சிரிச்சேன். பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொன்னேன், எங்கப்பா நான் விழுந்தாக்கூட ஜே போடுவாருன்னு."

அவருக்கு அந்த முக்கு நினைவிருந்தது, அவள் சிரித்ததும் நினைவிருந்தது. தன் கையைப் பற்றி மட்டும் எதுவும் நினைவில் இல்லை.

"இருபது வருஷம் அதைப் பெருமையா வச்சிருந்தேன்பா" என்றாள் மகள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கடையில் டீ நேரத்தில் அவர் மூணுவிரலைத் தனியாக அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னார். மூணுவிரல் எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிறவர். அன்று டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் மேல எதையாவது போடு" என்றார் கைதூக்கி. "பிடிச்சுப் பழகணும்."

துணியைச் சுருட்டி நூல் சுற்றி ஒரு பந்து செய்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிப் போட்டால் பிடித்தார். சொல்லாமல் போட்டால் கை மேலே போனது. முதுகுக்குப் பின்னாலிருந்து போட்டார், பேசிக்கொண்டே போட்டார், டீயை உறிஞ்சும்போது போட்டார். டீ சட்டையில் கொட்டியது, கை மேலே. மூன்று நாள் இப்படியே. கடையில் மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இத்தனை வருஷம் பிடிக்காமல் இருக்கப் பாடுபட்ட இடத்தில் ஒருவர் பிடிப்பதற்குப் பாடுபடுவது அவர்களுக்குப் புரியவில்லை.

"பிடிடா!"

"பிடிக்கத்தான் பார்க்குறேன்."

"பார்த்துட்டுப் பிடிக்கிறது பிடிக்கிறதே இல்ல. அது வாங்கிக்கிறது." மூணுவிரல் சலிப்போடு உட்கார்ந்து தன் வலது கையை விரித்துக் காட்டினார். "பாரு. இது எங்கம்மா வயித்துலேர்ந்து கொண்டுவந்த கை. அதான் பிடிச்சுது. அதான் இப்படி இருக்கு. உன் கை இங்க செஞ்சது. முழுசா இருக்கு. ரெண்டும் வேணும்னா எப்படி?"

சட்டம் போட்டு முடித்த பள்ளிக்கூடப் படம் சுவரோரம் சாய்ந்திருந்தது. கைதூக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ரெண்டாவதா நிக்கிறான் பாரு, கூன் போட்டவன். அவன் பிடிச்சிருப்பான்."

"குழந்தையையா?"

"ஆமா. யோசிச்சே இருக்க மாட்டான். யோசிக்க அவனுக்குத் தெரியாது. நாலு கால்ல நிக்குதே முதலாவது, அதுகூட வாயால கவ்வியிருக்கும்." படத்தின் வலது ஓரத்தைக் காட்டி, "நீ சொன்ன கடைசி ஆளு இருக்கானே, அவன்தான்டா விட்டான்" என்றார்.

மூணுவிரல் எழுந்து போய்ப் படத்தை முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். "நான் சும்மா சிரிக்கறதுக்குச் சொன்னேன்டா" என்றார். அவரிடமிருந்து மன்னிப்பு என்று இதுவரை வெளியே வந்தது அவ்வளவுதான்.

நான்காவது நாள் முதலாளி வந்தார்.

"ஏம்ப்பா, பந்து பிடிச்சுப் பழகறியாமே. உன் கஷ்டம் புரியுது. ஆனா ஒண்ணு யோசி. பிடிக்கிற கையோட நீ என் மேசைக்குப் பக்கத்துல நிக்க முடியாது. நாளைக்கு ஒரு கண்ணாடி ஷீட் சரிஞ்சா உன் கை போயிடும். அப்புறம் பேத்தியை எதால தூக்குவ?"

துணிப்பந்து அன்றோடு குப்பைக்குப் போனது.

மகள் விடுப்பை நீட்டிக்கக் கேட்டுப் பார்த்தாள். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் எடுத்துக்கொள்வோம் என்றுவிட்டார்கள். அடுத்த தெருவில் ஒரு அம்மா காசுக்குக் குழந்தை பார்த்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டுச் சனிக்கிழமை உருண்டையோடு போய்ப் பார்த்தாள். ஒரே அறையில் ஏழு குழந்தை. ஏழும் ஒரே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தன, எதுவும் அழவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. திரும்பி மாடிப்படி ஏறும்போதே வீட்டுக்குள்ளிருந்து ரம்பச் சத்தம் கேட்டது.

கட்டில் தலைகீழாகக் கிடந்தது. அவர் அதன்மேல் உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் மரத்தூள்.

"என்னப்பா பண்றீங்க?"

"காலை அறுக்கிறேன்."

சாப்பாட்டு மேசையின் கால் ஏற்கெனவே அறுபட்டு, மேசை முழங்காலுயரத்தில் மண்டிபோட்டு நின்றது. நாற்காலிகள் மொட்டை மாடிக்குப் போய்விட்டன. அலமாரியில் மேல்தட்டுச் சாமான்கள் எல்லாம் கீழே. மேசை விளிம்பு முழுக்கக் கடையில் கண்ணாடிக்கு அடியில் விரிக்கிற தடித்த கம்பளியைக் கிழித்து ஒட்டியிருந்தார்.

"என்கிட்ட விட்டுட்டுப் போன்னு நான் கேக்கல" என்றார், ரம்பத்தை நிறுத்தாமலே. "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். இருபத்தெட்டு வருஷத்துல என் மேசையிலேர்ந்து எத்தனை ஷீட் விழுந்திருக்கும்னு நினைக்கிற? ஏழு. ஏழே ஏழு. ஏன்னா பிடிக்கக் கூடாதுன்னு இருக்கிறவன் விழ விடக் கூடாது. நிமிர்த்தி வைக்க மாட்டோம், சாய்ச்சு வைப்போம். விளிம்புல வைக்க மாட்டோம். அடியில கம்பளி இல்லாம எதையும் வைக்க மாட்டோம். கைதூக்கறதை மட்டும் அங்க கத்துக்கல. இதையும் அங்கதான் கத்துக்கிட்டேன்."

மகள் மரத்தூளைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து உருண்டை ரம்பத்தைப் பார்த்து, "த்தா" என்றாள்.

"வீட்டையே தரையோட தரையா ஆக்கினாலும் அவ எழுந்து நிப்பாப்பா" என்றாள் மகள். "நேத்தே ஜன்னல் கம்பியைப் பிடிச்சு நின்னா. எழுந்து நிக்கறதை எந்த ரம்பத்தால அறுப்பீங்க?"

ரம்பம் நின்றது.

அவருக்கு அந்தப் படம் நினைவுக்கு வந்தது. தரையிலிருந்து கை எழும்ப எழும்ப அந்த வரிசை நிமிர்ந்துகொண்டே போகும். கை சும்மா இருந்தால் கல் எடுக்கலாம், நெருப்பு மூட்டலாம், கண்ணாடி வெட்டலாம். ஆனால் நிமிர்ந்தது, விழுவதற்கும் சேர்த்துத்தானே நிமிர்ந்தது? நான்கு காலில் நிற்பதை யாராவது பிடிக்க வேண்டியிருக்குமா? இதையெல்லாம் மகளிடம் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. "மிச்சம் ஒரு கால்தான். அறுத்து முடிச்சுடறேன்" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஏழரை. மகள் உடுத்தித் தயாராக இருந்தாள். வேறு வழி இல்லாததால் தயாரானவள் என்பது அவள் பையை மூன்று முறை திறந்து மூடியதில் தெரிந்தது. பால் இங்கே, மருந்து இங்கே, டாக்டர் எண் இங்கே. எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார், மண்டிபோட்ட மேசைக்கு அருகில், காலிரண்டையும் அகல நீட்டி. அவர் காலுக்கு நடுவில் உருண்டை மேசை விளிம்புக் கம்பளியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். முதுகு அவர் பக்கம். பாதம் இரண்டும் வாத்து மாதிரி வெளியே திரும்பியிருந்தன.

மகள் வாசலில் ஒரு காலணியை மாட்டிவிட்டு அடுத்ததற்குக் குனிந்தாள்.

உருண்டை கம்பளியை விட்டாள்.

இதுவரை விட்டதில்லை. கையை விட்டுவிட்டு நின்றாள். நிற்கிறோம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது போல, முதுகு சிலிர்த்தது. மகள் குனிந்தபடியே உறைந்தாள். ஒரு மூச்சு. இரண்டு. உருண்டையின் முழங்கால் ஆடியது. பின்பக்கமாகச் சாய்ந்தாள்.

அவர் கை மேலே போனது.

இரண்டு கையும், தோளுக்கு மேலே. "போக..." வரை வாய் வந்துவிட்டது. பின்னால் நகர முடியவில்லை. அவர் முதுகு சுவரில் முட்டியிருந்தது. அப்படி முட்டுகிற மாதிரிதான் அவர் காலையில் இடம் பார்த்து உட்கார்ந்திருந்தார். உருண்டை நேராக அவர் மடியில் வந்து விழுந்தாள், கம்பளியில் சாய்த்த கண்ணாடி மாதிரி, சத்தமே இல்லாமல்.

அவர் மகளைப் பார்த்தார். கையை இறக்க வேண்டும் என்று தோன்றியது, இறங்கவில்லை.

"கையை நம்பி உட்காரலம்மா" என்றார். "மடியை நம்பி உட்கார்ந்தேன்."

உருண்டை மடியில் மல்லாந்து கிடந்து மேலே பார்த்தாள். தாத்தாவின் முகம், அதற்கு மேலே தாத்தாவின் இரண்டு கை. கொஞ்ச நேரம் அதை ஆராய்ந்தாள். பிறகு தன் இரண்டு கையையும் மேலே தூக்கினாள். விரலை மூடி மூடித் திறந்தாள். குழந்தைகள் அப்படிக் கேட்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த கேள்விதான்.

மகள் ஒரு காலில் காலணியும் ஒரு கால் வெறுமையுமாக நின்றிருந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று அவரால் படிக்க முடியவில்லை. ஓடி வந்து அள்ளப்போகிறாள் என்று நினைத்தார். ஒரு அடி எடுத்தும் வைத்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"கேக்குறா இல்ல" என்றாள். "தூக்குங்கப்பா."

அவர் கை மெல்ல இறங்கியது. பெரிய ஷீட்டை மேசையிலிருந்து எடுக்கிறபோது எடுப்பது போல, இரண்டு பக்கமும் சமமாகக் கொடுத்து, எடை எங்கே இருக்கிறது என்று உள்ளங்கையால் கேட்டுக் கேட்டுத் தூக்கினார். உருண்டை அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு மணிக்கு வந்துடுவேன்."

"ம்."

"ஒண்ணரைக்கே வரப் பார்க்குறேன்."

கதவு சாத்தியது. படியில் காலடி கேட்டது. ஒன்பது படி இறங்கினால் திருப்பம். ஒன்பதாவதில் காலடி நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மேலே வருகிற சத்தமும் இல்லை, கீழே போகிற சத்தமும் இல்லை. உருண்டை அவர் காலரை வாயில் வைத்துச் சப்பினாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் காலடி கீழே போனது, வழக்கத்தை விட மெதுவாக.

அதற்குப் பிறகும் அவர் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. பால் புட்டியைக் காலாலேயே பக்கத்தில் நகர்த்திக்கொண்டார். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிற துணிச்சல் அவருக்கு இன்னும் வரவில்லை.